பேய் கேட்டால் கேட்கும் காது

என் வீட்டுக்காரருக்கு,

சமைக்கும்போதும் நாவல்களைக் காதால் கேட்டுச் சொக்குகிறவள் நான். அதனால் என் புதிய பேய்க்காதல் கதை ஒலிப்புத்தகமாக வந்ததும் உங்கள் போனில் நானே ஏற்றித் தந்தேன். வினையை விலைகொடுத்து வாங்கினேன்.

எழுதும்போது நான் வாசித்துக் காட்டினால், "லோடு ஏத்தோணும், அப்பறம் பாக்கலாம் அம்மிணி" என்று எழுந்து போய்விடுவீர்கள். இப்போதோ கம்பெனியில் பனியன் செக்கிங் செய்தபடியே, நம்மூர் 'ங்க' சொல்லக்கூட ஒழுங்காக வராத ஒரு சென்னைக்காரி ஒலிப்புத்தகத்தில் வாசிப்பதை இரண்டாம் முறை கேட்கிறீர்கள்.

நேற்று நான் கம்பெனிக்கு டீ கொண்டுவந்தபோது, போனில் சத்தமாக ஓடிய கதையில் செத்துப் பேயான மனைவி புருஷனிடம், "ஏனுங்க, நாஞ் செத்த பொறகுதான் எம் பேச்சு உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றாள்.

உங்கள் கண் கலங்கியது. "பாவம், என்னமாக் கேக்குறா பாரு!" என்றீர்கள் என்னிடம்.

அந்தக் கேள்வி என்னுடையதுங்க.

இன்னும் சாகாத,
உங்கள் மனைவி