சட்டைக் கையில் ஒட்டிய நீலம்

வெள்ளிக்கிழமை மதியம்

அன்புள்ள இஸ்திரிக்காரிக்கு,

சோப்புக்காரி எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி.

உன் கால் வீக்கம் வடிந்ததா, மகள் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறதா, மாப்பிள்ளை இப்போதாவது முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்றெல்லாம் கேட்க ஆசைதான். ஏழு வருஷம் மூன்று மாதமாகக் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் என் சேதியைச் சொல்லிவிடுகிறேன். வலது முழங்கால் போய்விட்டது. மருமகள் குறை சொல்லும்படி நடந்துகொள்வதில்லை, இருந்தாலும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அவளுக்கு என்னைவிட வாய் அதிகம்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். என் நாத்தனார் வாங்கிப்போய்த் திருப்பித் தராத குடைக்குக் கைப்பிடி என்ன நிறம் என்று இன்றைக்கும் சொல்வேன். அது நடந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரியில் நம் சலவைப் பிரிவை மூடிய அன்று நடந்ததை மறப்பேனா?

பதினான்கு பேரும் கொதிகலனுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். மேலாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளை வாசித்தார். "வெளி ஆலோசனைச் செலவுகள் கூடியதால் ஏற்பட்ட நஷ்டத்தின் காரணமாக" என்று ஆரம்பித்தது அந்தத் தாள். ஒரு வார்த்தை பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. அர்த்தம் மட்டும் தெரியவில்லை. வாசித்து முடித்து, "லாபம் இருந்தாத்தானேம்மா உங்களுக்கு ஏதாவது பார்த்துச் செய்ய முடியும்" என்றார். இருபத்தேழு வருஷம் ரத்தத் துணி அலசிய கைக்கு இரண்டு மாதச் சம்பளம்.

எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று முந்தின நாளே பேசி வைத்திருந்தோம். நீ நேராகப் போய் முதல் ஆளாகப் போட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "போட்டாத்தான்டி நகல் தருவான். நகல் கையில இருந்தாத்தான் நாளைக்கு நாலு பேர்கிட்ட போய்க் கேக்க முடியும்" என்றாய். நான் எல்லோர் முன்னாலும், "அதுக்கு எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டேன். நீ சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாய். மூடி சரியாக மூடாமல் நடக்க நடக்கச் சத்தம் போட்டது. அடுத்த வாரம் நாங்கள் பதின்மூன்று பேரும் போட்டுக் கொடுத்தோம். நகல் கேட்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

கடையில் உன்னைப் பார்த்தால் சாமான் வாங்காமல் திரும்புவேன். உன் வீட்டுக்காரர் போன அன்று தெருமுனை வரைக்கும் வந்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நேற்றுக் காலையிலிருந்து இந்த இடத்துக்கு வந்து வந்து பேனாவை மூடிவைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகன் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். சலவைப் பிரிவை மூடுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தான். "சும்மா ஒரு பேருக்குத்தாம்மா. ஆடிட்டர் சார் ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார், டைரக்டர்னு ரெண்டு பேர் வேணும்" என்றான். இன்னொருவர் ஆடிட்டரின் கார் ஓட்டுகிறவராம். இருபத்து மூன்று இடத்தில் போட்டேன். நீ கற்றுக்கொடுத்த கையெழுத்துதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள், சம்பளத்துக்குக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தவள், "உனக்கு எழுத்து தெரியும்டி, வெக்கம்தான் தெரியல" என்று நீ திட்டித் திட்டி, கிழிந்த தலையணை உறையில் துணிக்கு நம்பர் போடுகிற பேனாவால் எழுதவைத்தாயே, அதே கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே சுழிக்கும்போது எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. மகன் "டைரக்டரம்மா, டீ போடுங்க" என்று கிண்டல் செய்தான். நான் போட்டுக் கொடுத்தேன்.

நம் வேலை போன அதே வருஷம் ஆடிட்டர் எங்கள் வீட்டுக்கு ஒரு சலவை இயந்திரம் அனுப்பினார். மகனின் உழைப்புக்கு மரியாதை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதக் கடைசியில் வரி ஆபீஸிலிருந்து அந்தக் கம்பெனியைப் பார்க்க வரப்போவதாகத் தகவல் வந்தது. கம்பெனியின் விலாசம் எங்கள் வீடாம். எனக்கே அப்போதுதான் தெரியும். திருடன் வீட்டுக்குப் போலீஸ் ஒரு வாரம் முன்னால் போன் செய்துவிட்டு வருமா? இவர்கள் செய்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் என் கட்டிலைச் சமையலறைக்கு நகர்த்தினார்கள். முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வயர் இல்லாத ஒரு கம்ப்யூட்டர். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று மகன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பேத்தி என்னை விட வேகமாக மனப்பாடம் செய்துவிட்டாள். அவளை அன்றைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போர்டு எழுதுகிறவர் மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்து, அதிகாரி வரவேண்டிய அன்று காலையில்தான் வந்து நீலப் பெயின்ட்டில் எழுதி மாட்டிவிட்டுப் போனார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். ஃபைலைப் பாலிதீன் பையில் வைத்திருந்தார். படியேறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் கையை ஊன்றினார். ஊன்றிய இடம் போர்டு. வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை நீலம்.

அவர் கையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மகனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெயின்ட் காய்ந்தால் போகாது என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. "உக்காருங்க தம்பி, கையை நீட்டுங்க" என்று மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். நம் வேலைதான். தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

நான் ஒற்றிக்கொண்டிருக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க கம்பெனி என்னம்மா பண்ணுது?" சொல்லிக்கொடுத்தபடி, "ஆலோசனை சொல்றோம்" என்றேன். "யாருக்கு?" இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. "கேக்கறவங்களுக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார். "வெளியில போகும்போது வெள்ளைச் சட்டை போடாதீங்க" என்றேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் இன்னொரு கையால் ஃபைலைப் புரட்டி வாசித்தார். எட்டு வருஷமாக என் கம்பெனி ஒரே ஓர் இடத்துக்குத்தான் ஆலோசனை சொல்லியிருக்கிறது. நம் ஆஸ்பத்திரிக்கு. அந்தப் பெயரை அவர் சொன்னபோது என் கை நின்றது. வருஷா வருஷம் ஆஸ்பத்திரி தன் லாபத்தையெல்லாம் ஆலோசனைக் கட்டணம் என்று என் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. காகிதத்தில் ஆஸ்பத்திரிக்கு லாபம் இல்லை, அதனால் வரியும் இல்லை. என் கம்பெனியிலிருந்து அது எங்கெங்கோ சுற்றி முதலாளி வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுமாம். அவர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குக் காதில் மேலாளர் குரல் கேட்டது. வெளி ஆலோசனைச் செலவுகள் கூடியதால் ஏற்பட்ட நஷ்டத்தின் காரணமாக. அந்த வெளி ஆலோசனை நான்தான்டி. பதினான்கு பேரையும் வெளியே அனுப்பிய நஷ்டத்தில் என் கையெழுத்து இருந்தது. அன்றைக்கு வரிசையில் நின்றுகொண்டு உன்னைப் பார்த்து எவ்வளவு வாங்கினாய் என்று நான் கேட்டேன்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லுங்கம்மா" என்றார். மகன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கண்ணால் கெஞ்சினான். நான், "கையை இந்தப் பக்கம் திருப்புங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

சோப்புப் போட்டு அலசி முழுவதையும் எடுத்துவிட்டேன். ஒரு பொட்டு நீலம் இல்லை. இருபத்தேழு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு கறையை எடுத்ததில்லை.

படியிறங்கும்போது அவருக்கு வழிகாட்டுகிற சாக்கில் நானும் கொஞ்சம் இறங்கினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல மொத்தம் மூணு பேரும்மா. ஒரு ஜீப் இருக்கு, அதுவும் ஒர்க்‌ஷாப்ல. போன தடவை ஒரு பெரிய இடத்தைப் பிடிச்சோம். கட்டின அபராதம் அவங்க புது மாடியில ஒரு ஜன்னலுக்குக்கூட ஆகாது. நீங்க எழுதிக் கொடுத்தா இந்த ஃபைலை மேல தள்ளப் பாக்கறேன். இல்லைன்னா மாசக் கடைசியில மூடிடுவாங்க." என் எழுத்து மட்டும் போதாதாம். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஆடிட்டர் ஒரே வரியில் முடித்துவிடுவாராம். ஆஸ்பத்திரியே கொடுத்த காகிதம் ஏதாவது கூட இருந்தால் நிற்கும் என்றார்.

அவர் போன பிறகு மகனிடம் உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஊரே இதைத்தாம்மா பண்ணுது. இதுக்கெல்லாம் யாரும் உள்ள போனதில்ல" என்றான். நான் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னபோதுதான் தலையைத் தூக்கினான். "ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. ஆடிட்டர் சாருக்கும் ஒண்ணும் ஆகாது. உள்ள போனா நீயும் நானும்தான் போவோம். போ, எழுதிக் கொடு." அவன் சொல்வது பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயம். பேத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. நேற்று வரை பன்னிரண்டு நாளாக நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். என்ன காரணமாக இருந்தால் என்ன, திறக்கவில்லை.

சலவை இயந்திரத்தை நான் இப்போது தொடுவதில்லை. முழங்கால் வலியோடு கல்லில் துவைக்கிறேன். மருமகளுக்குக் கோபம். எதற்கு இந்த வீம்பு என்கிறாள். வீம்பு இல்லை, அது சுற்றுகிற சத்தத்தைக் கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை வரி ஆபீஸுக்குப் போகிறேன். தாளை மகன் கொண்டுவந்தான் என்று சொல்வேன். அதை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். கையெழுத்து என்னுடையது, கேள்வி கேட்காமல் போட்டது நான் என்றும் சொல்வேன். அவனிடம் நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். இன்று காலையில் வேலைக்குப் போகவில்லை. முன்னறையில் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

இதுதான் கடைசிப் பக்கம்.

அந்த நகல் உன்னிடம் இருக்கும். பேருந்துச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதவள் நீ. இதோடு ஓர் உறை வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டியிருக்கிறது. அதன்மேல் இருப்பது அந்த அதிகாரியின் விலாசம், என்னுடையது இல்லை. எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். என் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். நகலை அதில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்தால் போதும். மற்ற பன்னிரண்டு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. மீதி ஒன்பது பேருக்காவது நீ அன்றைக்கு எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று தெரியட்டும். நேற்றிலிருந்து நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு வீடு முடிந்தது. இரண்டாவது வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தேன்.

நீ அனுப்பாவிட்டாலும் நான் போவேன். அனுப்பினால் கொஞ்சம் நிமிர்ந்து போவேன்.

நீராவி பட்ட உன் கைத் தழும்பு குளிர்நாளில் இழுக்காமல் இருக்கட்டும். மகள் வீட்டில் உன் சொல்லுக்கு மதிப்பு இருக்கட்டும். என் மகனுக்காகவும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள். நம் துணி மூட்டைமேல் படுத்துத் தூங்கின பிள்ளைதான். நீதான் அவனுக்கு வெதுவெதுப்பான போர்வையாகப் பார்த்து எடுத்துப் போர்த்துவாய்.

நீ சொல்லிக்கொடுத்தபடி கடைசி எழுத்தை மேலே சுழித்து,
சோப்புக்காரி