விகாரம் ஒன்றுமில்லை

1946 ஜூலை 8
நாளன்றைக்குத் தம்பானூரில் டாக்டர் ஸ்ரீகண்டனைப் பார்க்க வேண்டுமாம். லண்டனில் மனசு வைத்தியம் படித்தவராம். என் வியாதி என்ன? பிள்ளை போய் மூன்று மாசமாக நான் அழவில்லை, யாரோடும் பேசவில்லை. போன வாரம் ரசம் வைக்கிற ஈயச்சொம்பைச் சுவரில் எறிந்தேன். மாமியார் மந்திரவாதி என்றாள், ஆத்துக்காரர் டாக்டர் என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 10
காகிதத்தில் மசியைக் கொட்டி, மடித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கறை வருமே, அதை அட்டை அட்டையாகக் காட்டினார். "இதைக் கண்டா மனசில உள்ளது தானா வெளியில வரும். அப்புறம்தான் எந்த சிகிச்சைன்னு தீர்மானிப்பேன்." பேச்சு வைத்தியமா, உள்ளே சேர்த்துத் தலைக்கு மின்சாரமா என்று.

அப்புறம் கேட்டார்: "இது காணும்போ என்ன விகாரம் தோணுது?"

என்னிடம் போய் அந்த வார்த்தையா! பிளந்த உதட்டோடு பிறந்தவனைப் பார்த்து மாமியார் சொன்ன வார்த்தை. "விகாரமா இருக்கே." பத்து நாளைக்குள் அவன் போனதும், "பேர் வைக்காததுக்கு அழப்படாது."

சரி, விகாரம்தானே வேண்டும்? வாங்கிக்கொள்ளும்! "கால் கோணல். மூக்கு சப்பை. வயிறு பானை."

ஓர் அட்டையில் மட்டும் — நடுவில் பிளவு, இரண்டு பக்கமும் கன்னம். என் பிள்ளை. விரலால் தடவினேன். "என்ன விகாரம்?" என்று மறுபடியும் கேட்டார்.

"இதுல விகாரம் ஒண்ணுமில்லை" என்று திருப்பிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 11
இதைப் படிக்கவா லண்டன் போனார்?

ஜூலை 15
ஆத்துக்காரர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் செத்திருந்தது. "உனக்கு விகாரமே இல்லையாம். அடியோட வறண்டு போச்சாம். பேச்சு வைத்தியம் பலிக்காதாம், உள்ளே சேர்க்கணும்கறார்."

"எனக்கென்ன விகாரம்? பார்த்துதானே பண்ணிண்டேள்!"

முழித்தார். "அசடே, டாக்டர் மலையாளி. மலையாளத்துல விகாரம்னா மனசுல எழறது. துக்கம், கோபம், ஆசை, எல்லாம்."

சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. மாமியார் சமையலறையிலிருந்து பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

இப்போது எரிகிறது. மாயவரத்தில் பிறந்தவளை மலையாளத்தில் கேட்டு, அவள் தமிழில் சொன்னதை எழுதிக்கொண்டு, அதை வைத்து அடைத்துப்போடுவாரா? எனக்கா துக்கமில்லை? போக மாட்டேன். கையைக் காலைக் கட்டித் தூக்கிண்டு போகட்டும், பார்க்கலாம்.

ஜூலை 16
இவர் ஆபீஸ் போனதும் கிளம்பினேன். "தனியா எங்கேடி?" என்றாள் மாமியார். "பரீட்சைல மார்க்கைத் தப்பாப் போட்டுட்டார், திருத்தப் போறேன்." கிழக்கேகோட்டையிலிருந்து தம்பானூர் வரை நடந்தே போனேன். தெருவே பார்த்தது.

"மறுபடியும் காட்டுங்கோ. இந்தத் தடவை தமிழில் கேளுங்கோ" என்று டாக்டரிடம் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். "தப்பு என்னோடதாக்கும்."

அந்த அட்டை வந்தது. "இதைப் பார்த்தா உங்க மனசில என்ன?"

"என் பிள்ளை" என்றேன். அப்புறம் முந்தானை முழுக்க நனைந்தது. அவர் பழைய தாளைக் கிழித்துப்போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் பேச வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 9
இன்று டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவனை என்னன்னு விளிப்பீங்க?"

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு, பட்டப்பகலில். மாமியார் ஓடி வந்தாள். "தெரு பூரா கேக்கறது. பேர்கூட வைக்காததுக்கு என்னடி அழுகை?"

"வெச்சாச்சு. வரதன்."

உள்ளே ரசம் பொங்கி வழிகிற வாசனை வந்தது. நான் எழுந்து போகவில்லை.