மேஸ்திரி நீட்டிய கை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு கூத்து. இந்த ஜெர்மன்காரர்கள் மொழியிலும் நம்மைப்போல 'நீ', 'நீங்கள்' உண்டு. 'அவர்கள்' என்ற சொல்லையேதான் மரியாதைக்கு 'நீங்கள்' ஆக்கியிருக்கிறார்கள். 'நீ' என்று பேசிக்கொள்ளலாம் என வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்லவேண்டும். போன வாரம் மேஸ்திரி கிரீஸ் கையைத் துடைத்து நீட்டி, "இனிமே நமக்குள்ள 'நீ'தான்" என்றார். அப்பா வயது மனிதரை எப்படி 'நீ' என்பது? நான் பழையபடி 'நீங்கள்', 'உங்கள் ஸ்பானர்' என்றே பேசினேன். மனுஷன் முகம் தொங்கிப்போயிற்று. நேற்று கேட்டேவிட்டார்: "என்மேல என்ன கோபம்? ஏன் தள்ளியே வைக்கிற?"

மரியாதை என்று நினைத்து அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். இன்று நாக்குக் கூச, "உன் ஸ்பானரைக் கொடு" என்றேன். சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று வைத்தார்.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சாப்பாட்டு இடைவேளை முடியப்போகிறது. கல்யாணமான நாளிலிருந்து நீ என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறாய். உன்னைவிட மூத்தவன் நான்தானே? இதோ, கையை நீட்டிவிட்டேன். பதிலில் 'நீ' என்றே எழுது.

உன்னவன்