மூன்றாவது கச்சேரியில் நீ நின்றிருக்க வேண்டும்

வரும் சீசனுக்கான கச்சேரிப் பட்டியலை இன்று காலை தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். மொத்தம் நான்கு கச்சேரிகள். முதலாவது தொடக்க விழாவுக்கு, இரண்டாவது பள்ளிப் பிள்ளைகளுக்கு, நான்காவது தேவாலயப் பாடகர் குழுவோடு கிறிஸ்துமஸுக்கு. மூன்றாவதில், ஒரு வயலின் முன்னின்று வாசிக்க மொத்தக் குழுவும் துணைவரும் அந்தக் கான்செர்ட்டோவை மறுபடியும் போட்டிருக்கிறார்கள். ‘தனி வயலின்’ என்பதற்குப் பக்கத்தில் வெறும் புள்ளிகள். யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தப் புள்ளிகளை அடிக்க விரல் வரவில்லை. தாளை உருவி, திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து உனக்கு எழுதுகிறேன்.

உனக்குத் தமிழ் படிக்க வராது. மலாக்காவின் காஜா பெராங்கில், தலைமுறைகளாகத் தமிழ் மறந்த உங்கள் செட்டி வீடுகளில் சாமிகளுக்கும் மனிதர்களுக்கும் தமிழ்ப் பெயர். பேச்சு மட்டும் உங்களுக்கே உரிய மலாய். நாம் பேசியதெல்லாம் அந்த மலாயில்தான். மலாயில் எழுதினால் நீ எங்கிருந்தாவது படித்துவிடுவாயோ என்று பயந்துதான் தமிழில் எழுதுகிறேனோ என்னவோ. போய்விட்டவளிடம்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, பார்.

கான்வென்டில் ஒரே கன்னியாஸ்திரீயிடம்தான் நாம் இருவரும் வயலின் கற்றோம். படிப்பு முடிந்து நான் வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனேன். நீ ரப்பர் கம்பெனி ஒன்றில் தொலைபேசிப் பலகைக்கு முன் உட்கார்ந்தாய். சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் சைக்கிளில் பள்ளி மண்டபத்துக்குப் போவோம். நகர இசைக்குழு என்று பெரிய பெயர். ஆள் முப்பத்தைந்து தேறாது. உஜோங் பாசிரிலிருந்து வரும் போர்த்துக்கீசிய வம்சத்து அண்ணன் தம்பிகள், போலீஸ் பேண்டில் ஊதிய ஒருவர், சீனப் பல் டாக்டர், வெள்ளைக்கார ஆசிரியர்கள், அவர்களோடு நாம். இரண்டாம் வயலின்களில் முதல் ஸ்டாண்டு நமக்கு. ஒரே தாளைப் பார்த்து இருவர் வாசிப்போம். பக்கம் திருப்புவது என் வேலை.

குழுவை நடத்திய ஆங்கில ஆசிரியரைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது நினைவிருக்கிறதா? “கண்டக்டரா? எந்த பஸ்ஸுல?” அதை உனக்கு மலாயில் சொன்ன நாளிலிருந்து அவர் உனக்கு ‘துவான் பஸ்’, பஸ் துரைதான். அவர் குச்சியைத் தூக்கியதும் நீ வாய்க்குள்ளேயே “பஸ் கிளம்புது” என்பாய். சிரிப்பை அடக்க முடியாமல் என் வில் நடுங்கும்.

மெர்டேக்கா வந்து சுதந்திரக் கொடி ஏறிய அடுத்த ஆண்டு. புதிய நாட்டின் முதல் சீசன் என்று எல்லாருக்கும் ஒரு வேகம். கான்செர்ட்டோவுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆள் வரவழைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, இந்த முறை நம் ஊர்க்காரர் ஒருவரே வாசிக்கட்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. செயலாளராக அந்தக் கூட்டக் குறிப்பை எழுதியவள் நான். குறிப்பெழுதும்போதே என் பெயரை மனத்துக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டேன். ஒத்திகையில் துவான் பஸ் உன் பெயரைச் சொன்னார். மண்டபமே ஸ்டாண்டுகளை வில்லால் தட்டியது. நானும் தட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. நீ என்னை உஜோங் பாசிர் கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். அலைகளைப் பார்த்தபடி சொன்னாய்:

“சரசு, கடல் எனக்கு ஒரு பக்கம்தான் கேட்குது.”

எனக்குப் புரியவில்லை. இடது காதைத் தொட்டுக் காட்டினாய். இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது அதில் ஒன்றுமே இல்லை என்றாய்.

“அப்ப எப்படி வாசிக்கிறே?”

“தாடை எலும்பு வழியா கேட்குது. மீதிக்கு வலது காது. தலையைக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிறேன், நீ கவனிச்சதில்லையா?” பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். “உனக்கு மட்டும்தான் தெரியும், யார்கிட்டயும் சொல்லாதே. கம்பெனிக்குத் தெரிஞ்சா போர்டுல உட்கார விடமாட்டாங்க.”

“ஐயோ, நான் ஏன் சொல்லப்போறேன்?” என்றேன். அந்த நிமிடம் அதை உண்மையாகத்தான் சொன்னேன் என்று நம்ப விரும்புகிறேன்.

அந்த வாரமே செய்தித்தாள்காரர் வந்து உன்னைப் படம் எடுத்தார். பச்சைக் கெபாயாச் சட்டையில், வயலினைத் தோளில் வைத்து நின்றாய். வியாழக்கிழமை பட்டியலை வாங்க துவான் பஸ்ஸின் அறைக்குப் போனேன். தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் என்னைத் தூண்டவில்லை. நானாகத்தான் திரும்பினேன்.

“ஐயா, ஒரு விஷயம். அவள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்,” என்றேன்.

சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் அவள் தடுமாறிவிடக் கூடாதே என்று நான் இழுத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது பொய்க்கண்ணீர் இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை. செயற்குழுத் தலைவரைக் கலந்தார். அந்தத் தலைவர்தான் உன் ரப்பர் கம்பெனியின் மேலாளர் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அவர் பெயரை மாதாமாதம் தட்டச்சு செய்பவள் எப்படி மறப்பாள்? ‘தங்கள் உடல்நலத்தைக் கருதி’ என்று தொடங்கும் கடிதத்தை உனக்கு அனுப்பினார்கள். அதை அடித்ததும் நான்தான். கீழே வழக்கம்போல என் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. பத்து நாளில் உன்னைத் தொலைபேசிப் பலகையிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் கிடந்த பின்னறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தனி வயலின் எனக்கு வந்தது.

நீ குழுவை விட்டுப் போய்விடுவாய் என்று எதிர்பார்த்தேன். போய்விட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமை நீ வந்தாய். நம் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்தாய். வாசித்துக்கொண்டே பக்கத்தையும் நீயே திருப்பினாய். இடைவேளையில் என்னிடம் வந்து, “மெதுவான பகுதியில அவசரப்படறே, சரசு,” என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது கச்சேரி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பகுதி எப்படியோ ஓடிவிட்டது. மெதுவான பகுதியில் நீ எச்சரித்த அதே இடத்தில் அவசரப்பட்டேன். இரண்டு தாளக் கட்டங்களை விட்டுவிட்டு முன்னால் நுழைந்துவிட்டேன். நான் ஓரிடத்தில், குழு வேறிடத்தில். துவான் பஸ்ஸின் குச்சி அந்தரத்தில் தயங்கியது.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரே ஒரு வயலின் அந்த இரண்டு கட்டங்களைத் தாண்டி வந்து என்னோடு சேர்ந்தது. உன் வில்தான். அழுத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாய். இரண்டாம் வயலின்கள் உன்னைப் பிடித்துக்கொண்டு வந்தன, பிறகு செல்லோக்கள், பிறகு எல்லாரும். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தனை பேரில் என் தவறு முதலில் கேட்டது, காது சரியில்லை என்று நான் காட்டிக்கொடுத்த உனக்குத்தான்.

பூச்செண்டோடு உன் பக்கம் திரும்பினேன். நீ வில்லைத் தளர்த்தி, வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். நான்காவது கச்சேரிக்கு நீ வரவில்லை. அதன்பின் எப்போதுமே வரவில்லை.

ஏழு ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்தோம். சந்தையில் பார்த்தால் சிரிப்பாய். அப்பாவின் ரத்தக்கொதிப்பை விசாரிப்பாய். நீ கோபத்தைக் காட்டாததை, மன்னித்துவிட்டாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. போன தீபாவளிக்குப் பிறகு நீ காய்ச்சலில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். வார்டு வாசலில் நின்று, நீ தூங்குவதாக நர்ஸ் சொன்னதும், பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுப்பட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அடுத்த நாள் நீ இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள், போனவர்களுக்குப் படைக்கும் ‘பார்ச்சு’வுக்கு வரச் சொல்லி உன் தங்கை லெட்சுமி ஆளனுப்பியிருந்தாள். வாழையிலைகளில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், மீன், உனக்குப் பிடித்த பலகாரங்கள் எல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டி, போனவர்களான நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தோம். முற்றத்தில் லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அவள் ‘காக்’, மலாயில் அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

“காக் சரசு, உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். அந்த வருஷம் அக்கா பயந்துபோய் சோலோ வேணாம்னு சொன்னப்ப, நீங்கதானே அவங்க இடத்தில நின்னு மானத்தைக் காப்பாத்தினீங்க. அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!”

நீ வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறாய். ஏழு வருஷமும்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. “இல்லை, லெட்சுமி,” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காது, துவான் பஸ்ஸின் அறை, கடிதம், வேலை. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

“அந்த வேலை போனப்ப அக்கா ஒரு வாரம் சரியா சாப்பிடல. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் சொன்னதுன்னு அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எங்ககிட்ட மறைச்சாங்களா?”

ஆமாம் என்று தலையசைத்தேன். லெட்சுமி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“அக்காவே வேணாம்னு மூடி வச்சதை இப்ப ஏன் காக் திறந்தீங்க? அவங்களுக்காகவா, உங்களுக்காகவா?”

கதவைத் திறந்தார்கள். எல்லாரும் சாப்பிட உள்ளே போனார்கள். லெட்சுமியும் போனாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன்.

உன் வேலையைப் பறித்தேன், உன் மேடையை எடுத்துக்கொண்டேன். உன் வீட்டில் எனக்கென்று நீ காப்பாற்றி வைத்திருந்த நல்ல பெயரையும், நீ கேட்காமலே, நானே உடைத்துவிட்டு வந்தேன். அது நேர்மையா, இல்லை என் பாரத்தை உன் தங்கையின் தலையில் இறக்கியதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. லெட்சுமி கேட்டதற்கு ஒரு பதில் கிடைக்கும்வரை அந்த வாசலுக்குப் போக எனக்கு முகம் இல்லை.