பெரியப்பாவின் குரல் இறங்கிவிட்டதா?

ஒக்டோபர் 9, வியாழன்

பின்னேரம் இடி, மழை. குடையை வழக்கம்போல் பஸ்ஸில் விட்டாச்சு. காலி வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர். நாற்பத்தேழு வயதில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை முழுக்க நடந்து வந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செய்ய வேண்டியவை:
உழுத்தம் மா, அண்ணிக்கு. தீபாவளிப் பலகாரம்.
சட்டைத் துணி, தையல்கார அக்காவிடம்.
லைட் பில்.
ஜெரோமுக்குப் பதில்.

கடைசி வரியை வெட்டினேன். பிறகு திரும்ப எழுதினேன்.

நாளை அல்பம் வருகிறது. பள்ளிக்கூட வயதில் நாங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்துப் பிடித்துக்கொண்ட அதே ஹார்ட் ரொக் பாண்ட். அடிபட்டுப் பிரிந்து, கிழடாகி, சமாதானமாகி, இப்போது புது அல்பம். பாடுபவரை எங்கள் வட்ஸ்அப் குழுவில் பெரியப்பா என்றுதான் சொல்வோம். அவருக்கு இது தெரியாது, பாவம்.

ஜெரோமும் அந்தக் குழுவில்தான். கொட்டாஞ்சேனை ஆள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஒபீஸில் வேலை. போன மாசியில் வெள்ளவத்தைக் கடற்கரைக் கல்லில் இருந்து கடலை சாப்பிடும்போது கேட்டார்: "வதனி, நம்ம கல்யாணம் கட்டுவமா?" நான் சொன்னேன்: "அல்பம் வரட்டும், பிறகு சொல்றன்." அது வரும் வரும் என்று ஏமாற்றிக்கொண்டிருந்த அல்பம். வரவே வராது என்ற தைரியம் எனக்கு. அவர் "சரி" என்றார். ரயில் போனது. மிச்சக் கடலையையும் சாப்பிட்டோம்.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில். வந்துவிட்டது. ஃபோனில் கறுப்பு அட்டைப் படமாகக் கிடக்கிறது. தொடவில்லை. குழுவின் சட்டம்: புதுசு எதையும் தனியாகக் கேட்கக்கூடாது. ஞாயிறு, குழுவை நடத்துகிற ரஜீவ் வீட்டில், எல்லோரும் நிலத்தில் படுத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, முடியும்வரை ஒரு சொல் கதைக்காமல்.

விமான டிக்கெட் போடும் எங்கள் ஒபீஸில் மத்தியானம் மேசையில் தலை வைத்தேன். கனவு. பெரியப்பா லெதர் ஜக்கெட்டோடு வெள்ளவத்தைச் சந்தையில் நின்று வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்க்கிறார். "முத்தல்" என்கிறார் என்னைப் பார்த்து. கடல் சந்தைக்குள் வந்திருந்தது, முழங்கால் வரை, இளஞ்சூடாக. ஒருவரும் கவலைப்படவில்லை. எழும்பியபோது டிக்கெட் மாற்ற வந்த ஒரு அம்மா முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தா.

ஜெ. மெசேஜ்: "கேக்கலதானே?"
நான்: "சத்தியமா இல்லை."
ஜெ: "நானும்."
அவ்வளவுதான். மற்றதைப் பற்றி ஒன்றும் இல்லை. நல்ல பொறுமைசாலி. சில நேரம் எரிச்சலாகவும் இருக்கிறது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தூறல். இன்றைக்கு நடந்ததை எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

ரஜீவின் வீடு கடலைப் பார்த்த மேல்மாடி. பாய் விரித்திருந்தான். எனக்கும் ஜெரோமுக்கும் நடுவில் ஒரு தலையணை. திரை இழுத்தும் இடுக்கால் ஒரு கீற்று வெளிச்சம் கூரையில் நீர்போல் ஆடிக்கொண்டிருந்தது. முதல் கிட்டார் விழுந்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுகை வரப் பார்த்தது.

பிறகு அவர் வாயைத் திறந்தார்.

வேறு யாரோ. கனத்த, தாழ்ந்த, களைத்த குரல். என்னுடைய பெரியப்பா உச்சியில் நின்று கத்துகிறவர், பட்டம் அறுந்து போகிறமாதிரி. இது கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுகிறமாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

முடிந்ததும் ரஜீவ் எழும்பி இருந்தான். "முடிஞ்சுது. ஆள் அவுட்."

நான்: "குரல் அப்படியே இறங்கிப்போச்சு. செத்த வீட்டுக்குத்தான் போடலாம்."

ஜெரோம் கூரையைப் பார்த்தபடியே: "எங்க இறங்கியிருக்கு? எப்பவும் இதே குரல்தானே. அப்படியே இருக்கு."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்? பழைய பாட்டைப் போட்டுப் பாருங்கோ!"

"நான் பழைய பாட்டைத்தான் சொல்றேன்."

ரஜீவ்: "மச்சான், கப்பல் ஹோர்ன் கேட்டுக் கேட்டு கொட்டாஞ்சேனைக்காரருக்குக் காது அடைச்சுப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ஆகக் கூடுதலாக. ஏன் அப்படிச் சிரித்தேன்? கோபம். அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன் போல.

படியில் இறங்கும்போது ஜெ. மெதுவாக: "பாட்டு புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. ஆனா மத்ததுக்கு இத சாட்டா வைக்க வேணாம் வதனி. அல்பம் வந்திட்டு தானே."

நான் படியை எண்ணிக்கொண்டு இறங்கினேன். அவர் போனார். பின்னேரம் குழுவைப் பார்த்தால்: ஜெரோம் வெளியேறினார்.

ஒக்டோபர் 13, திங்கள்

வெயில், புழுக்கம். ஜெ. மெசேஜ் இல்லை. நானும் போடவில்லை. போடட்டும் என்று இருந்தேன். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை எனக்கு.

குழுவில் சண்டை ஓடுகிறது. ரஜீவ் வாக்கெடுப்பு வைத்திருக்கிறான்: "அல்பம் நல்லம் / அல்பம் குப்பை." சரிபாதியாக நிற்கிறது. என்னுடையது போடவில்லை.

ஒரு யோசனை. அவர் சாட்டு என்று சொன்னது சரியோ? பாட்டில் கோபமா, பாட்டு வந்துவிட்டதில் கோபமா? இந்த வீட்டில் ஓர் அறை, அண்ணியின் சாப்பாடு, ஞாயிறுகளில் கடற்கரை. எல்லாம் இருக்கிறபடியே மிதந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். இன்றைக்குக் கடற்கரைப் பக்கம் தனியாகப் போனேன். கல்லில் இருக்க மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

ஒக்டோபர் 15, புதன்

பின்னேரம் மழை. உழுத்தம் மா வாங்கினேன். சட்டை பிழை, கை இறுக்கம்.

இன்றைக்குத் தலையில் இடி விழுந்தது. வானத்து இடி இல்லை.

ஹோலில் பழைய அல்பத்தைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பழைய அல்பங்கள் பாட்டுக் கம்பெனி வழக்கில் கிடக்கின்றன, இப்போது எங்கும் வாங்கவோ நெட்டில் கேட்கவோ ஏலாது. எங்கள் குழு முழுக்கக் கேட்பது ஒரே பிரதிதான்: அந்தக் காலத்தில் அண்ணா காலி வீதி ரெக்கோர்டிங் பாரில், பாட்டுப் பதிகிற கடையில், அடித்துவந்த கசெட்டிலிருந்து ரஜீவ் ஃபோனுக்கு ஏற்றியது.

அண்ணா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி: "இன்னும் இந்த ஓட்டப் பாட்டையே கேக்கிறாய்?"

"என்ன ஓட்டம்?"

"அந்த ரெக்கோர்டிங் பார்க்காரர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டித்தானே அடிப்பார். ரெண்டு அல்பத்தை ஒரு கசெட்டுக்குள்ள அடைக்க வேணும், கடைசிப் பாட்டு பாதியில அறுபடக் கூடாது. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமெல்லோ."

"எனக்குத் தெரியாது!"

"நீ அப்ப சின்னப் பிள்ளை. தேத்தண்ணி இருக்கோ?"

தேத்தண்ணி ஊற்றும்போதுதான் விளங்கியது. வேகம் கூடினால் குரலும் ஏறும். நான் காதலித்த அந்த உச்சக் குரல் பெரியப்பாவுடையது இல்லை. இடம் போதாத ஒரு கசெட்டுடையது. அவர் ஒருநாளும் அந்த உயரத்தில் நின்றதே இல்லை.

ஜெரோமின் மாமா கப்பலில் சமையல்காரர். வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய அசல் கசெட் அவர்கள் வீட்டில். நாங்கள் கேலி பண்ணின காதுதான் சரியான காது.

ரஜீவுக்கு ஃபோன் எடுத்தேன். "அப்ப நாங்க இவ்வளவு காலமும் ஆரை ரசிச்சனாங்கள்?" என்றான். பாவமாக இருந்தது.

ஒக்டோபர் 16, வியாழன்

மெசேஜ் எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். மன்னிப்பை ஃபோனில் கேட்க முடியாது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பதிலையும்தான். என்ன பதில் என்று எனக்கே இன்னும் தெரியாது.

ஒக்டோபர் 18, சனி

வெளிச்சமான காலை. அண்ணியிடம் "தையல்காரி" என்று பொய் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். "கொஹெத யன்னே, மிஸ்?" எங்கே போக என்று சிங்களத்தில் ஓட்டோக்காரர். "கொட்டாஞ்சேனை." போகும் வழியெல்லாம் தீபாவளி வியாபாரம், புடவைக் கடைகளில் சனம். நான் ஏதோ கண்ணாடித் தொட்டிக்குள் இருந்து பார்க்கிறவள்போல் போனேன்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கை, மேல்வீடு. சாரம் மட்டும் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் உள்ளே ஓடிச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார், பொத்தான் மாறி. யன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள், அசையாமல், தூங்குகிறவைபோல்.

சொன்னேன். அண்ணா சொன்னது முழுக்க. "நான் சிரிச்சது பிழை" என்றும்.

அவர் யோசித்துவிட்டு: "ரஜீவ் போடுற பாட்டு வேகமா ஓடுதுன்னு எனக்கு எப்பவும் தெரியும். வெள்ளவத்தை ஆக்கள் அப்படித்தான் விரும்பிக் கேக்கிறாங்கன்னு நினைச்சேன். ஸ்டைலாக்கும்னு."

"கேட்டிருக்கலாமே!"

"ஒங்கள்ட்ட எதக் கேட்டாலும் பிறகு சொல்றேன்னுதானே சொல்றீங்க."

அவர் மாமாவின் கசெட்டைப் போட்டார். எனக்கு மனப்பாடமான பாட்டு. கலியாண வீடுகளில்கூடத் துள்ளி ஆடியிருக்கிறேன் அதற்கு. சரியான வேகத்தில் கேட்டால் துள்ளல் எங்கே? ஒரு மனிதன் வாசலில் நின்று திரும்பி வா, திரும்பி வா என்று கெஞ்சுகிறான். நிலத்தில் படுத்துக்கொண்டேன், பாய் இல்லாமலே. சீமெந்து குளிர். கோயில் மணி அடித்தது, அதுவும் பாட்டுக்குள் போய்விட்டது. எங்கே இருக்கிறேன், என்ன வயது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சொன்னேன்: "நீங்கள் மட்டும் எப்பிடி இவ்வளவு பொறுமையா இருக்கிறீங்கள், ஜெரோம்?"

அவர் கதிரையில் முன்னால் குனிந்திருந்தார். "பொறுமையா? யார் சொன்னா? மாசியில இருந்து எனக்கு நித்திரை இல்ல. வேற வழி இல்லாம நின்னேன், வதனி. அவ்வளவுதான்."

குரல் உடைந்துபோயிற்று. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கடலை சாப்பிட்ட அன்றைக்கும் இது உள்ளே இருந்திருக்கிறது. நான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழும்பி இருந்தேன். "புது அல்பம் எனக்கு இப்பவும் பிடிக்கேல்லை."

"சரி."

"மற்றதுக்கு ஓம்."

"எதுக்கு?"

"நீங்கள் கேட்டதுக்கு!"

அவர் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். "தேத்தண்ணி போடவா?" என்றார். போட்டதில் சீனி இல்லை. இரண்டு பேரும் குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியத் தூறல், பிறகு வெயில். எண்ணெய் தேய்த்து முழுகியாச்சு. சட்டைக் கை இன்னும் இறுக்கம்தான். அண்ணா கோயிலுக்கு. குசினியில் அண்ணி வடை சுடுகிறா, நான் உழுந்து தட்டிக் கொடுக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆள் வேதக்காரர், கிறிஸ்தவர் என்றதும் அண்ணா என்ன சொல்லுவான்? சொல்லாமல் விடமாட்டேன், இந்த முறை இல்லை.

ரஜீவ் ஜெ.யைத் திரும்பக் குழுவில் சேர்த்து, எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டு, கசெட் கதையைப் பெரிதாக எழுதியிருந்தான். சனம் மாறி மாறி வாக்கை மாற்றுகிறது. நான் உழுந்துக் கையோடு போட்டேன்: குப்பை.

ரஜீவ்: "இவ்வளவும் தெரிஞ்ச பிறகுமா? அப்ப நீங்க ரெண்டு பேரும் இன்னும் சண்டையா?"

ஜெரோம் எழுதினார்: "ஓம். இனி சாகுமட்டும்."

குழுவில் கைகொட்டிச் சிரிக்கும் படங்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணி அடுப்பை நிற்பாட்டினா. கையைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா.

"வதனி. ஆர் ஆள்?"