வாய்க்குள்ளயே நின்ன பேரு

ரெட்டியார்பாளையம்,
விளம்பி வருஷம், ஆனி மாசம், ஞாயித்துக்கெழம.

என் கண்ணு அஞ்சலாட்சிக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. நானும் ஒங்கப்பாவும் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கிறோம், மனசப் பத்தி மட்டும் கேக்காத. நீயும் வயித்துல இருக்கிற புள்ளையும் நல்லா இருக்கணும்னு வில்லியனூர் கோகிலாம்பாளுக்கு வெளக்கு வச்சிட்டு வந்துதான் இந்தக் காயிதத்த எடுத்தேன். சுத்தி வளைச்சிப் பேச எனக்குத் தெரியாது. நான் வரப் போறதில்ல. ஆடி மாசக் கப்பலுக்கு எனக்கு அனுமதி கெடைக்கல. மாப்பிள்ளை அல்ஜேரியாவுல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு கெடக்கறாரு, நீ தலப்பிரசவத்துக்கு பிரான்சுல மர்சேயில ஒண்டியா கெடக்கப் போற, பெத்தவ நான் இங்க வேளாவேளைக்கு சோறு தின்னுக்கிட்டு இருக்கப் போறேன். எழுதிட்டேன். எப்படி நடந்ததுன்னு சொல்றேன், படிச்சிட்டு திட்டுறதுன்னா திட்டு.

தனியா கப்பலேற பொம்பளைய பிரஞ்சு ஆபீசுல துரை எதிர்ல உக்கார வச்சி பிரஞ்சுல நாலு கேள்வி கேப்பாரு, பதில் சொன்னாத்தான் கையெழுத்துன்னு மாப்பிள்ளை எழுதியிருந்தாரு இல்ல, அதுக்காகத்தான் இந்தக் கத்திரி வெயில்ல கடலோரப் பள்ளிக்கூடத்துல நடத்துற கோடைக்கால பிரஞ்சு வகுப்புக்குப் போனேன். பெஞ்சுல ஒங்கம்மா, சுத்தி எல்லாம் மீசை மொளைக்காத பசங்க, பிரஞ்சு பட்டாளத்து சொல்தாவுக்கு வாக்கப்பட்டு கப்பலுக்குக் காத்திருக்கிற பொண்ணுங்க. பாஷையோட அந்த ஊரு பழக்கமும் சேத்து சொல்லிக் குடுத்தாங்க. கடைக்குள்ள நொழைஞ்சதும் மொதல்ல கும்பிடறேன்ங்கற மாதிரி போன்ழூர் சொல்லணுமாம், சொல்லாம சாமான் கேட்டா மரியாத தெரியாதவன்னு நெனைப்பாங்களாம். வயசு கேக்கக் கூடாதாம், சம்பளம் கேக்கக் கூடாதாம், ஏன் இன்னும் புள்ள இல்லன்னு கேக்கவே கூடாதாம். பின்ன அந்த ஊர்ல ரெண்டு பொம்பளைங்க சந்திச்சா என்னத்தத்தான் பேசுவாங்கன்னு நான் கேட்டேன், மழையப் பத்தி பேசலாம்னு பாடம் நடத்துற மதாம் சொன்னாங்க. முள்கரண்டியில சாப்புடறதுக்குன்னு ஒரு நாள் வச்சாங்க, நான் குத்தின அவிச்ச முட்ட ஓடிப்போய் பக்கத்துல இருந்த ரஞ்சிதம் மடியில விழுந்திச்சி, வகுப்பே சிரிச்சிது, நானும் சிரிச்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன் அஞ்சலாட்சி, ஒங்கம்மா கத்துக்கிட்டா. ரொட்டி வாங்கத் தெரியும், பால் திரிஞ்சிபோச்சின்னு சண்ட போடத் தெரியும். என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி டாக்டரக் கூப்பிடுங்கன்னு கத்தத் தெரியும், அத மட்டும் மதாங்கிட்ட தனியா கேட்டு வாங்கிக்கிட்டு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வருவேன்.

ஒரே ஒரு பாடத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஒவ்வொருத்தியா எழுந்து எம் புருஷன் பேரு இன்னதுன்னு சொல்லணும். நான் எப்படி சொல்றது? வாக்கப்பட்ட நாள்லேர்ந்து அந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல, சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொன்னது, எனக்கு ரத்தத்துல ஊறிப்போச்சி. புரட்டாசி சனிக்கெழமையில மலைக்குப் போறவங்க கூவுற பேரு, தெருவே கூவும், நான் மட்டும் கையத் தட்டிக்கிட்டு நிப்பேன், நீயே பாத்திருக்க. ரஞ்சிதம் எனக்காக எழுந்து சொல்லிடுச்சி, மதாமும் சிரிச்சிட்டு அடுத்தவகிட்ட போயிட்டாங்க. அதோட தப்பிச்சேன்னு நெனைச்சேன், அங்கதான் கெட்டேன்.

போன வாரம் கூப்பிட்டாங்க. தொணைக்கு யாரும் வரக் கூடாதுன்னு ஒங்கப்பாவ வாசல்லயே நிறுத்திட்டாங்க. துரை நல்ல மனுஷன், அவர் மேல கொற சொல்ல மாட்டேன். என் பேரு கேட்டாரு, சொன்னேன். ஊரு கேட்டாரு, சொன்னேன். எதுக்குப் போறீங்கன்னாரு, எம் பொண்ணுக்குக் கொழந்த பொறக்கப் போவுதுன்னேன், சொன்ன தினுசப் பாத்து சிரிச்சாரு, பேனாவக் கூட எடுத்துட்டாரு. அப்பத்தான் ஒங்கப்பா பேரு கேட்டாரு. கேள்வி பளிச்சினு புரிஞ்சிது. நாக்குதான் எழும்பல. நம்ம ஊரு ஆளா இருந்தா ரெண்டு சாடை காட்டினா புரிஞ்சிக்குவாங்க இல்ல, அந்த நெனப்புலயே நான் பாவி, தாலியத் தொட்டுக் காட்டினேன், நெத்தியில வெரலால நாமம் போட்டேன், மேல ஆகாசத்தக் காட்டி கையெடுத்துக் கும்பிட்டேன். துரை மொகம் மாறிப்போச்சி. பேனாவ வச்சிட்டு மெதுவா "மோர்?"னு கேட்டாரு. செத்துட்டாரான்னு கேக்கறாரு! எதிர்வீட்டு சொல்தா செத்துப்போன தந்தியப் படிச்சப்ப கேட்ட வார்த்தைதான், அத மறக்க முடியுமா. ஐயையோ நோன் நோன்னு கத்தி வாசப்பக்கம் கையக் காட்டினேன். அவரு சன்னல் வழியா பாத்தாரு, அங்க ஒங்கப்பா வேப்பமரத்தடியில பீடி புடிச்சிக்கிட்டு நிக்கறாரு, அவருக்கு என்ன தெரியும், யாரோ ஒரு ஆளு. காயிதத்துல உசுரோட இருக்கிறதா எழுதியிருக்குது, பொம்பள மேல போயிட்டான்னு கையக் காட்டறா, அப்புறம் இல்லங்கறா. பாஷ புரியல, கேள்வியே புரியலன்னு முடிவு கட்டிட்டாரு. என் காயிதம் ஒதுங்கிடுச்சி.

வெளிய வந்து அழுதுக்கிட்டே சொன்னேன். நான் நிக்கறப்பவே என்ன மேல அனுப்பிட்டியேடின்னு ஒங்கப்பா நடுத்தெருவுல குதிச்சாரு, கொஞ்ச தூரம் போனதும் சிரிச்சாரு. மறுநாள் என்னை இழுத்துக்கிட்டுப் போய் ஆபீசு வாசல் காவக்காரன்கிட்ட தன் பேர கத்திக் கத்திச் சொன்னாரு. ஐப்பசிக்கு மேலதான் மறுபடியும் கூப்பிடுவாங்களாம். ஆவணியில பொறக்கிற புள்ள ஐப்பசி வரைக்கும் காத்திருக்குமா.

அந்தக் கப்பல்ல பிள்ளைச்சாவடி சாமிக்கண்ணு லீவு முடிஞ்சி திரும்பறாரு, அவர்கிட்ட பொட்டலம் குடுத்திருக்கிறேன். லேகியம், பூண்டு, பெருங்காயம், புள்ளைக்கு வசம்பு. என் பழைய பொடவ ஒண்ணக் கிழிச்சி மடிச்சி வச்சிருக்கிறேன், புள்ளைய மொதல்ல அதுலதான் ஏந்தணும். லேகியம் கசக்குதுன்னு ஒதுக்காத. தலைக்கு ஊத்திக்கிட்டா ஈரத்தோட நிக்காத, குளிருல வெளிய போவாத. சொல்றேனே தவிர, யாரு பாத்து செய்யப் போறா, லேகியம் தானா ஊட்டுமா.

நேத்து தோட்டத்துல முருங்கமரத்துக்கிட்ட நின்னு, எம் புருஷன் பேரு இன்னதுன்னு பிரஞ்சுல முழுசா சொல்லிப் பாத்தேன் அஞ்சலாட்சி. வந்துடுச்சி. நாக்கு அறுந்து விழல. உள்ளேர்ந்து ஒங்கப்பா யாரு கூப்பிட்டதுன்னு கேட்டாரு, ஒண்ணுமில்லன்னேன். இவ்ளோதான். இதுக்குப் போய் எம் பொண்ண விட்டுட்டேன்.

ஒண்ணே ஒண்ணு மறக்காத. ஆஸ்பத்திரியில ஒன்னையும் கேப்பாங்க. கல்யாணம் ஆன புதுசுல பேரு சொல்லிட்டன்னு தொடையில கிள்ளினேனே, அந்தக் கிள்ளு இனி செல்லாது. வலியோட போய் நிக்கறப்ப தாலியத் தொட்டுக்கிட்டு, ஆகாசத்தக் காட்டிக்கிட்டு நிக்காத. குமாரவேல்னு வாய் விட்டு சொல்லு. அவரு ஆயுசுக்கு ஒண்ணும் வராது, அம்மா சொல்றேன். நீயும் மாப்பிள்ளையும் புள்ளையும் தீர்க்காயுசா இருக்கணும். தாயும் சேயும் தனித்தனியா பொழைச்சி வந்தாச்சின்னு ஒரு வரி எழுதிப் போடு, அது வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது.

இப்படிக்கு,
ஒன் அம்மா செல்வாம்பாள்,
கோவிந்தசாமி பெஞ்சாதி.