காணாக்கடி

ஜூன் 3, செவ்வாய்

மழை. எடவப்பாதிப் பருவமழை விட்டபாடில்லை. கொடியில் போட்ட துணி எல்லாம் ஈரநாற்றம். இத்தாலியிலிருந்து கம்பளிச் சட்டை வேறு சுமந்து வந்திருக்கிறேன். ஜூன் மாதம் மணவாளக்குறிச்சிக்குக் கம்பளி! என் புத்தி.

நேற்று ஸ்டெல்லா அக்காவைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றேன். முகம் உப்பி, கண் இரண்டும் இடுங்கிப்போய். காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. கிட்னி வழியாகப் புரதம் ஒழுகுகிறதாம். நாகர்கோவில் டாக்டர் ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார். வரும் திங்கள் முதல் தொடங்க வேண்டும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாங்க: கொசுவத்தி, அக்காவுக்கு உப்பில்லாத ரொட்டி, கல்யாணப்பெண்ணுக்கு (அக்கா மகள் ஷைனி) பாவாடைத் துணி.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? முதலில் எனக்கே தெளிவாகட்டும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

இத்தாலியில் எனக்கு மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே ஸ்டீராய்டுதான் போடப் போனார்கள். ஒரு டாக்டர் பெண், சின்ன வயது, தடுத்துவிட்டாள். இரத்தத்தில் ஏதோ ஒரு அணு பல வருடமாகக் கூடுதல். மற்றவர்கள் அலர்ஜி என்று விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் நான் பிறந்த ஊரைக் கேட்டாள். சின்ன வயதில் செருப்பு போட்டு நடந்தீர்களா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு. கடப்புறத்துக் கடல்மணலில் எவள் செருப்பு போட்டாள்? தோலில் அரிப்பு உண்டா? உண்டு, எங்கள் ஊரில் காணாக்கடி என்போம் என்றேன். கூட வேலை பார்க்கும் மலையாளிப் பெண் அதை அவளுக்கு மொழிபெயர்த்தாள்: கண்ணுக்குத் தெரியாத ஒன்று கடிப்பது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்கள் ஊர்க்காரர்கள் சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்" என்றாள்.

மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறுகிற புழு. குடலில் குடியிருந்து, தானே பெருகி, ஆயுசு முழுக்க உள்ளேயே கிடக்கும். உடம்பு தெம்பாக இருக்கும்வரை அடங்கியிருக்கும். ஸ்டீராய்டு போய் உடம்பின் காவலை எடுத்துவிட்டால் நுரையீரல், மூளை என்று எல்லா இடமும் பரவும். ஆள் பிழைப்பது அபூர்வம்.

அதற்கு மருந்து தந்த பிறகும் இரத்தம் முழுக்கச் சரியாகவில்லை. அவள் விடவில்லை. ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்தக் கூடாது என்றாள். திரும்பத் தேடினாள். யானைக்கால் புழுவும் இருந்தது! கால் வீங்காமலேயே. இரண்டு குடித்தனம் நடந்திருக்கிறது எனக்குள்ளே, வீட்டுக்காரிக்குத் தெரியாமல்.

அவள் நன்றாக இருக்கட்டும். அவள் பிள்ளை குட்டிகளும் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 4, புதன்

சொல்லிவிட்டேன். சொன்ன விதம் சரியில்லை.

"பூச்சியா? எனக்கா? அது ஒனக்கு அங்க உள்ள தண்ணி குடிச்சு வந்ததுட்டி."

"அங்க உள்ளவங்களுக்கு அதுக்க பேரே தெரியாதுக்கா. நம்ம மண்ணுலேருந்து நான் கொண்டுபோனது. நீயும் நானும் ஒரே மண்ணுலதானே ஓடினோம்."

"காலு வீங்கினதுக்கே ஊரு யானைக்காலுன்னு சொல்லுது. இனி பூச்சி டெஸ்டும் எடுத்தேன்னு கேட்டா சம்மந்தி என்ன சொல்லுவா? பிள்ளைக்க கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணத்துக்கு நீ இருக்கணும்லா!"

நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷைனி என்னைப் பார்த்தாள், நான் துருவிக்கொண்டிருந்த தேங்காயைப் பார்த்தேன்.

யானைக்கால் வீடு என்று பேர் விழுந்தால் இந்தக் கரையில் பெண் எடுக்கத் தயங்குவார்கள். அக்கா பயப்படுவதில் தப்பில்லை. பக்கத்து வீட்டு ரோணிக்கம் மீன் வாங்கும் இடத்தில் சொன்னாளாம்: "ஸ்டெல்லாவுக்கு சாக்குல கட்டின மாதிரி காலு." அதைக் கேட்டதிலிருந்து அக்கா கோயிலுக்குக்கூடப் போவதில்லை.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டு வானம் வெறித்தது. கடல் இன்னும் கலங்கல். அத்தான் தொழிலுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து வந்து நின்றார். என்னோடு நாகர்கோவில் வந்தார். அந்த மனிதருக்கும் நன்றி.

டாக்டர் முதலில் சிரித்தார். "அது நம்ம ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்கும்மா. யாரு தேடுதா?" என்றார். போனில் என் இத்தாலி ரிப்போர்ட்டைக் காட்டினேன். தள்ளித் தள்ளி வாசித்தார். சிரிப்பு போய்விட்டது.

"நீங்க வரலைன்னா திங்கக்கிழமை நான் ஸ்டீராய்டு தொடங்கியிருப்பேன்" என்றார். வேறு டாக்டர் என்றால் என்னை எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார். இவர் தானாகவே தப்பை ஒத்துக்கொண்டார். நீர் இறங்குகிற மாத்திரையை வைத்துத் திங்களிலிருந்து இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம், அதற்குமேல் கிட்னி தாங்காது, அதற்குள் மலம் சோதித்து வாருங்கள் என்றார்.

அங்கே அபூர்வம் என்பதால் தேடினார்கள். இங்கே எல்லோருக்கும் உண்டு என்பதால் யாரும் தேடுவதில்லை. திரும்பி வரும்போது யோசித்து எரிச்சலாக வந்தது.

ஜூன் 6, வெள்ளி

அத்தான் சொன்னதால் அக்கா இறங்கி வந்தாள். ஒரே ஒரு தடவை என்ற கண்டிஷனில்.

சாம்பிள் டப்பாவைப் பேக்கரிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், வாசலில் ரோணிக்கம்.

"என்னட்டி, இத்தாலி மிட்டாயா?"

"ஆமா. வேணுமா ஒனக்கு?"

கை நீட்டிவிட்டாள்! பஸ் வருது என்று ஓடினேன். பாதி வழி வரை சிரிப்பு அடங்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் ரிசல்ட்: ஒன்றுமில்லை.

அக்காவின் வெற்றி முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் சொன்னேனா இல்லியா?" ஒரு தடவையில் அகப்படாது, இன்னும் இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். "இனி ஒரு துளி தரமாட்டேன். திங்கக்கிழமை ஸ்டீராய்டு குடிக்கத்தான் போறேன்." மாத்திரை அட்டை ஏற்கனவே அலமாரியில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்தேன். நல்ல வெயில். அக்கா அடுக்களையில் இடுப்பைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"காணாக்கடி. சின்னதுலேருந்தே உள்ளதுதானே. வேப்பெலை அரச்சுப் போட்டா மாறும்."

குளியலறைக்குள் இழுத்துப் போய்ப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு, நூல் ஒட்டினதுபோல. எனக்கு இருந்த அதே கோடு. அங்கே டாக்டர் எனக்குச் செய்தது நினைவுக்கு வந்தது. ஷைனியின் பேனாவை வாங்கி, கோடு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கீறல் போட்டேன்.

"என்னட்டி கிறுக்குக?"

"பேசாம உள்ளிய உரி."

உள்ளி உரித்து, குழம்பு கொதித்து இறக்கிய பிறகு கண்ணாடி முன்னால் நிறுத்திச் சேலையை விலக்கினேன். சிவப்பு என் பேனாக் கீறலைத் தாண்டி ஒரு விரல் நீளம் போயிருந்தது.

அக்கா கண்ணாடியையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். இவ்வளவு அழுத்தமாக அவள் என் கையைப் பிடித்து எத்தனையோ வருடம் ஆகிறது.

"ஏட்டி... இது நடக்குதுட்டி."

நான் அழுதுவிட்டேன். சந்தோஷமா பயமா தெரியவில்லை, இரண்டும்தான்.

"ஒனக்கும் இப்பிடித்தான் இருந்துதா?"

"இதே இடத்துலக்கா."

சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "அந்த டப்பா எங்க கெடக்கு?"

ஜூன் 10, செவ்வாய்

அக்கா நேற்று கொடுத்த இரண்டாவது டப்பாவைப் பார்த்து, லேபிலிருந்து டாக்டருக்கே போன் செய்திருக்கிறார்கள். கண்ணாடிச் சில்லில் உயிரோடு நெளிந்ததாம். அதோடு கொக்கிப்புழு முட்டையும். அக்காவுக்கும் தனியாக வரவில்லை, துணையோடுதான் வந்திருக்கிறது.

ஒன்று கிடைத்ததும் நிறுத்தக் கூடாதே. யானைக்காலுக்கும் இரத்தம் பார்த்தார்கள். இல்லை! கால் வீக்கம் முழுக்கக் கிட்னியால்தான். அக்கா அந்த ரிப்போர்ட்டை மட்டும் லேமினேட் செய்து ரோணிக்கம் வீட்டுக் கதவில் ஒட்டப் போகிறாளாம். உடம்பு சரியாகிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

எடை பார்த்து மாத்திரை தந்தார் டாக்டர். வெறும் வயிற்றில் விழுங்கினாள். ஒரு ஆளைக் கொல்லக்கூடிய சங்கதிக்கு இத்தனூண்டு மாத்திரை!

இத்தாலி டாக்டருக்கு மெசேஜ் அனுப்பினேன், மலையாளிப் பெண் மூலம். உடனே பதில்: மிக மகிழ்ச்சி, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை மருந்து, மறக்க வேண்டாம். கடைசியில் ஒரு இருதயப் படம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை தூறல். முன்னறிவிப்பில்லாமல் சம்மந்தியம்மா வந்து நிற்கிறார், கையில் ஒரு பை நெத்திலி. எங்களுக்கு உயிரே இல்லை. யாரோ எதுவோ சொல்லியிருக்கிறார்கள்.

காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். அக்காவின் காலைப் பார்த்தார், பார்க்காததுபோல. அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சம்மந்தி, எனக்கு வயித்துல பூச்சி இருந்துது. மருந்து குடிச்சாச்சு. காலு வீங்கினது கிட்னியால, யானைக்கால் இல்ல. வேற ஆரும் சொல்லதுக்கு முன்ன எனக்க வாயால சொல்லுகேன்."

நான் இடையில் புகுந்து ஸ்டீராய்டு பற்றியும் சொன்னேன். சம்மந்தியம்மா முகம் மாறிப்போனது.

"எனக்க மூத்தவனுக்கு இழுப்புக்கு அந்த மாத்திரைதானே எழுதிக் குடுத்திருக்கு," என்றார். "அவனும் இந்தக் கடப்புறத்துலதானே கெடந்து ஓடினான்."

டாக்டர் நம்பர் எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது ஷைனியைக் கூப்பிட்டு, கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவுச் சட்டை கொடுத்துவிடச் சொன்னார்.

அவர் போனதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

டாக்டர் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார். காலை இட்லி தின்ற பிறகு அக்கா முதல் ஸ்டீராய்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தான் வலையைத் தூக்கிக்கொண்டு போனார், வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து.

நான் அவள் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு சரியாக வருகிறதா, கண் சரியாக இருக்கிறதா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

"என்னட்டி முழிச்சிட்டு இருக்க?"

"ஒண்ணுமில்ல."

"நான் சாவமாட்டேன் மக்கா. போயி சாளை மீன வெட்டு."